நாலு போட்டால் மூன்றேகால்

நான்கு ஜிபி ரேம் என்று காசு கொடுத்துப் பூட்டிய கணினி, திரையில் 3.25 ஜிபி என்று காட்டினால் முதல் சந்தேகம் கடைக்காரர் மேல்தான் விழும். மன்னாரில் வீடுகளுக்கு வரும் கணினிகளில் பல, முதலில் கொழும்பிலோ வேறெங்கோ ஓர் அலுவலகத்தில் உழைத்துவிட்டு, தள்ளாடி என்ற ஊரைக் கடந்து தாம்போதி வழியாக மன்னார்த் தீவுக்குள் நுழைபவை. பாவித்த பொருள் என்றாலே உள்ளே ஏதோ கழற்றப்பட்டிருக்கும் என்ற எண்ணம் வருவது இயல்பு. பெட்டியைத் திறந்து ரேமை உருவி, அதன் தொடுமுனைகளை அழிறப்பரால் தேய்த்து மறுபடி செருகுவார்கள். உப்புக்காற்று ஊரில் அது பல நேரம் பலிக்கும் வைத்தியம்தான். களிம்பு போனதும் செத்துக் கிடந்த கணினி எழும்பிவிடும். இந்த நோய்க்கு மட்டும் அது பலிக்காது. மறுபடியும் 3.25தான்.

கடைக்காரர் எதையும் கழற்றவில்லை. நான்கு ஜிபியும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதில் முக்கால் ஜிபியைத் தொட அந்தக் கணினிக்கு வழி இல்லை, அவ்வளவுதான். தடுப்பது யார்? செயலியா, தாய்ப்பலகையா, பாடசாலைப் புத்தகங்கள் பணிசெயல் முறைமை என்று சொல்லும் இயங்குதளமா? ஒருவர் மேல் மட்டும் பழியைப் போட முடிந்திருந்தால் இந்த அத்தியாயம் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும்.

நினைவகம் என்பது பைட்டுகளின் நீண்ட வரிசை. இன்று இணையத்தில் பெரும்பாலும் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் செலவாகும். ‘மன்னார்’ என்ற சொல்லில் கணினி காண்பது ஏழு குறிகளை: ம, ன, புள்ளி, ன, கால், ர, புள்ளி. ஆகவே 21 பைட். அதே ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 6 பைட்டில் காரியம் முடிந்துவிடும். நினைவகத் தட்டுப்பாட்டைப் பற்றித் தமிழர் முறையிட அது தனிக் காரணம். 4 ஜிபி என்பது 4,294,967,296 பைட். மன்னார் என்று இருபது கோடி தடவைக்கு மேல் அதில் எழுதி வைக்கலாம். ஆனால் எழுதியதைத் திரும்ப எடுக்க வேண்டுமே. எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று செயலிக்குச் சொல்ல வேண்டும். அந்த எண்தான் முகவரி.

முகவரி எண்ணின் நீளத்துக்கு எத்தனை அதிகாரம் என்பது இலங்கையில் அடையாள அட்டை எடுத்தவர்களுக்குத் தெரிந்த விடயம். பழைய தேசிய அடையாள அட்டை எண்ணில் ஒன்பது இலக்கம், கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து. முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டில் அது எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். பிறகு மூன்று இலக்க வரிசை எண், ஒரு சரிபார்ப்பு இலக்கம். ஆண்டுக்கு இரண்டே இலக்கம் ஒதுக்கியதால் 1900இல் பிறந்தவருக்கும் 00, 2000இல் பிறந்தவருக்கும் 00. 2016 முதல் 12 இலக்க எண் வந்தது: ஆண்டுக்கு நான்கு, வரிசைக்கு நான்கு. பழைய எண்ணைப் புது வடிவில் எழுத, முன்னால் 19 சேர்த்து, கடைசி நான்கு இலக்கத்துக்கு முன் ஒரு 0 நுழைத்தால் போதும். நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது ஒரு கணக்கு. எத்தனை பேருக்குத் தனித்தனி எண் கொடுக்க முடியும் என்பது வேறு கணக்கு. எண் இல்லாதவர் நேரில் வந்து நின்றாலும் அலுவலகப் பதிவேட்டில் ஆளே இல்லை. அந்த முக்கால் ஜிபியின் நிலையும் இதுதான்.

கணினிக்கு இலக்கங்கள் பத்தல்ல, இரண்டே: 0, 1. அத்தகைய ஓர் இலக்கத்தைத்தான் பிட் என்பார்கள். ஆகவே முகவரியில் ஓர் இலக்கம் கூடினால் எண்ணிக்கை இருமடங்காகும். 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 செயலிக்கு முகவரி இலக்கம் 20. அதனால் 1,048,576 பைட், அதாவது 1 எம்பி. அடுத்து வந்த 80286க்கு 24 இலக்கம், 16 எம்பி. 1985இல் இன்டெல் 80386ஐ வெளியிட்டபோது முகவரி 32 இலக்கமாகி எல்லை 4 ஜிபிக்குப் போனது. வீட்டுக் கணினியில் சில எம்பி இருந்தாலே பெருமையாகப் பேசிய காலம் அது. 4 ஜிபி ஒரு நாள் பற்றாமல் போகும் என்று அன்று யாரும் தூக்கம் கெட்டிருக்க மாட்டார்கள்.

எண்ணுக்கு நீளம் குறித்துவிட்டு அதை மறந்துவிடுவது கணினிக்காரருக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. பேசாலையிலும் தலைமன்னாரிலும் கடலுக்குப் போகிறவர்களுக்கு, இந்தியாவும் இலங்கையும் செய்த 1974, 1976 உடன்பாடுகள் நீரில் கிழித்த எல்லைக்கோடு எங்கே என்று சொல்வது ஜிபிஎஸ் கருவி. அந்தக் கருவிக்கு வானிலிருந்து வரும் பழைய வகைச் செய்தியில் வார எண்ணுக்கு ஒதுக்கப்பட்டது 10 இலக்கம். 1,024 வாரம் முடிந்ததும் மறுபடி 0. 1999 ஓகஸ்டில் ஒரு முறையும் 2019 ஏப்ரலில் ஒரு முறையும் அப்படிச் சுழன்றது. இடத்தைச் சரியாகக் காட்டிக்கொண்டே தேதியை மட்டும் ஏறத்தாழ இருபது ஆண்டு பின்னுக்குத் தள்ளிய பழைய கருவிகள் உண்டு.

சரி, 32 இலக்கத்துக்கு 4 ஜிபி என்றால் முழு நான்கும் கிடைக்க வேண்டுமே, ஏன் மூன்றேகால்? முகவரிகள் ரேமுக்கு மட்டும் சொந்தமல்ல என்பதுதான் காரணம். திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் அட்டை, வலையமைப்பு அட்டை, கணினியை முதலில் எழுப்பும் பயோஸ் சில்லு எல்லாமே செயலியோடு பேசுவது இதே முகவரிப் பட்டியல் வழியாகத்தான். 4 ஜிபிக்குக் கீழே, பட்டியலின் உச்சியில் ஒரு பகுதி அவற்றுக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த எண்களுக்கு வரும் கோரிக்கை ரேமுக்குப் போகாது, அட்டைக்குப் போகும். அங்கே இருந்த ரேம் எண் இழந்து நிற்கும். சொந்தமாக 512 எம்பி வைத்திருக்கும் கிராஃபிக்ஸ் அட்டை போட்டால் ஒதுக்கீடு பெருத்து, மூன்றேகால் மூன்றுக்குக் கீழும் இறங்கக்கூடும்.

பழைய ஐபிஎம் பிசியிலும் இதுதான் நடந்தது. 1,024 கேபியில் 640ஐ நிரல்களுக்கு விட்டு, மேலே 384ஐச் சாதனங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். 640 கேபி எவருக்கும் போதும் என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு கதை ஓடுகிறது, அவர் மறுத்திருக்கிறார். அந்தக் கோட்டைப் போட்டது ஐபிஎம் வடிவமைப்பு.

இதுவரை சொன்னதைக் கேட்டு, தடுப்பது கணிதம்தான், இயங்குதளத்தின் மேல் குற்றமில்லை என்று பலர் முடித்துவிடுகிறார்கள். 32-பிட் என்றால் 4 ஜிபி, அதற்கு மேல் பேச்சில்லை என்று கணினி திருத்துகிறவர்கள் அடித்துச் சொல்வதையும் கேட்டிருக்கலாம். அது பாதி உண்மை.

1995இல் வந்த பென்டியம் ப்ரோ செயலியில் இன்டெல் ஒரு வழி திறந்தது. பி.ஏ.இ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நிரல்கள் வழக்கம்போல 32 இலக்க முகவரியையே பேசும். இயங்குதளம் எழுதி வைத்த அட்டவணையைப் பார்த்துச் செயலி அதை இடையில் மொழிபெயர்த்து 36 இலக்க முகவரியாக ரேமுக்கு அனுப்பும். 36 இலக்கத்துக்கு எல்லை 64 ஜிபி. ஆக, விண்டோஸ் எக்ஸ்.பி. பிறப்பதற்கு ஆறு ஆண்டு முன்பே செயலியின் பக்கத்தில் கதவு திறந்தாகிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2004இல் வந்த எக்ஸ்.பி. சேர்விஸ் பக் 2, தரவு இருக்கும் இடத்தில் வைரஸ் நிரல் ஓடாதபடி தடுக்கும் ஒரு காவலைக் கொண்டுவந்தது. செயலியில் அந்தக் காவல் வேலை செய்ய பி.ஏ.இ. முறை கட்டாயம். அதனால் அந்த வசதியுள்ள செயலிகளில் எக்ஸ்.பி. தானாகவே பி.ஏ.இ. முறையில் ஓடத் தொடங்கியது. நீண்ட முகவரி கையில் இருந்தது. பயன்படுத்தியது காவலுக்கு மட்டும். ரேமின் எல்லை அப்போதும் 4 ஜிபியிலேயே நின்றது.

நிறுத்தியது மைக்ரோசொஃப்ட். அதன் பொறியியலாளர் மார்க் ருசினோவிச் 2008இல் காரணத்தை விளக்கி எழுதினார். 4 ஜிபிக்கு மேலான முகவரிகளோடு வீட்டுக் கணினிகளைச் சோதித்தபோது பல விழுந்தன, சில உறைந்தன, சில எழும்பவே இல்லை. குற்றவாளிகள் டிரைவர்கள், அதாவது சாதனங்களை இயக்கும் சிறு நிரல்கள்; அதிலும் குறிப்பாகப் படத்துக்கும் ஒலிக்குமான டிரைவர்கள். முகவரி 32 இலக்கத்தைத் தாண்டாது என்று நம்பி எழுதப்பட்டவை அவை. அடையாள அட்டைக் கதையோடு வைத்துப் பார்த்தால் சட்டென்று பிடிபடும். திணைக்களம் 12 இலக்கம் கொடுத்துவிடலாம், ஆனால் பத்துக் கட்டம் மட்டும் அச்சிட்ட படிவத்தோடு ஒரு சிறிய அலுவலகம் இருந்தால்? அங்கே உட்கார்ந்திருப்பவர் மிச்ச இரண்டு இலக்கத்தை வெட்டிவிட்டு எழுதினால் கோப்பு வேறொருவர் பெயரில் ஏறும். டிரைவர் செய்தது அதைத்தான்: உச்சி இலக்கங்களை வெட்டிவிட்டுத் தவறான இடத்தில் எழுதியது. அதன் பிறகு நீலத்திரை.

காரணம் நியாயமானது. ஆனால் அதே 2008இல் வந்த விண்டோஸ் சேர்வர் 2008இன் 32-பிட் என்டர்பிரைஸ் பதிப்பு 64 ஜிபி வரை ஏற்றது. அதன் 32-பிட் ஸ்டாண்டர்ட் பதிப்புக்கு 4 ஜிபி. இரண்டும் சேர்வரில் ஓடுபவை. விளையாட்டு அட்டையின் டிரைவர் இந்த வித்தியாசத்துக்குக் காரணமாக இருக்க முடியாது. நிறுவனம் வெளியிட்டிருக்கும் நினைவக எல்லை அட்டவணையைப் பதிப்பு வாரியாகப் படித்துப் பார்த்தால் பொறியியல் எங்கே முடிகிறது, விலைப்பட்டியல் எங்கே தொடங்குகிறது என்பது மறைவாக இல்லை.

லினக்ஸ்காரர்கள் இந்த இடத்தில் மார்தட்டுவது வழக்கம். 2012இல் வந்த உபுண்டு 12.04இன் வழக்கமான 32-பிட் கேர்னல் எனும் அடிக்கருவே பி.ஏ.இ. கொண்டதுதான், 8 ஜிபி போட்ட பழைய கணினியில் ஏற்றினால் பலகை இடம் கொடுக்கும் பட்சத்தில் எட்டையும் காட்டும், பதிப்புக்குத் தனி விலை கேட்காது. அதற்கும் ஒரு விலை உண்டு என்பதைச் சொல்ல அவர்கள் மறந்துவிடுவார்கள். 32-பிட் லினக்ஸ் கேர்னல் எந்த நேரமும் நேரடியாகத் தொடக்கூடியது வழக்கமாக 896 எம்பி மட்டுமே. நினைவகத்தை அது 4 கேபி பக்கங்களாகப் பிரித்து, பக்கத்துக்கு ஏறத்தாழ 32 பைட் குறிப்பு எழுதி வைக்கும். அந்தக் குறிப்புகளும் அந்த 896 எம்பிக்குள்தான் இருக்க வேண்டும். 64 ஜிபியில் 16,777,216 பக்கம். அவற்றுக்கான குறிப்பே 512 எம்பி. சொத்தைப் பதிந்து வைக்கும் ஏடு வீட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டால் குடியிருப்பது எப்படி? ஆகவே 8 ஜிபிக்கோ 16 ஜிபிக்கோ பி.ஏ.இ. நல்ல ஒட்டு, 64க்கு அது தள்ளாட்டம். மைக்ரோசொஃப்டின் தயக்கத்தில் கொஞ்சம் சாரம் இருந்தது என்பதை இந்தக் கணக்கு ஒப்புக்கொள்ள வைக்கிறது.

ரேம் முழுவதும் கண்ணுக்குப் பட்ட பின்னும் இன்னொரு எல்லை காத்திருக்கும். 32-பிட் விண்டோஸ் ஒவ்வொரு நிரலுக்கும் 4 ஜிபி முகவரிப் பரப்பைக் காட்டும். அதில் பாதியைத் தனக்கென எடுத்துக்கொள்ளும். நிரலுக்கு 2 ஜிபி. தொடக்க அமைப்பில் ஒரு மாற்றம் செய்து, நிரலும் அதற்கு ஆயத்தமாக எழுதப்பட்டிருந்தால் 3 ஜிபி வரை போகலாம். கல்யாண அல்பம் செய்யும் ஸ்டூடியோக்காரரை இது கடித்த அளவுக்கு வேறு யாரையும் கடித்திருக்காது. மடுவில் எடுத்த படமும் மண்டபத்தில் எடுத்த படமும் மாப்பிள்ளை வீட்டில் எடுத்த படமும் ஒரே பக்கத்தில் அடுக்கடுக்காக வந்து உட்கார, ஃபோட்டோஷொப் நினைவகம் போதவில்லை என்று கையை விரிக்கும். ரேம் வாங்கிப் பூட்டுவார். அடுத்த கல்யாணத்திலும் அதே செய்தி வரும். புது ரேம் சும்மா கிடக்கும், நிரல் தன் 2 ஜிபிக்குள் மூச்சுத்திணறும். விண்டோஸில் 64-பிட்டாக ஓடும் ஃபோட்டோஷொப் 2008இல் சி.எஸ்.4ஓடுதான் வந்தது.

இனி, கணிதமும் டிரைவரும் எட்டிக்கூடப் பார்க்காத ஓர் எல்லை. விண்டோஸ் 7 வந்த 2009இல் மைக்ரோசொஃப்ட் அதைப் பல படிகளாக விற்றது. சிறிய நெட்புக்குகளில் ஏற்றி வந்த ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிபிக்கு மேல் பாவிக்காது. வளரும் நாடுகளின் சந்தைக்கென்றே வைத்த ஹோம் பேசிக், 64-பிட் ஆக இருந்தாலும் 8 ஜிபியில் நிற்கும். ஹோம் பிரீமியம் 16. ப்ரொஃபெஷனல் 192. நான்கும் வெவ்வேறு பண்டங்கள் என்று நினைக்க வேண்டாம். நிறுவும் தட்டில் பதிப்புகள் எல்லாமே கிடந்தன. காசு கட்டிச் சாவி எண் வாங்கித் தட்டினால் ஏற்கெனவே இருக்கும் கணினி சில நிமிடத்தில் மேற்படிக்கு ஏறிவிடும். அதற்கு முன்பு வந்த எக்ஸ்.பி. ஸ்டார்ட்டர் இன்னும் ஒரு படி போய், ஒரே நேரத்தில் மூன்று நிரலுக்கு மேல் திறக்க விடவில்லை. தாய்லாந்து, இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளில், முதன்முறை கணினி வாங்குகிறவர்களுக்கென்று சொல்லி விற்கப்பட்டது அது.

ஒரே பண்டத்தைப் பல விலைக்கு விற்பது வியாபாரம். அதில் எனக்குச் சண்டை இல்லை. ரயிலில் மூன்று வகுப்பு இல்லையா என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் ரேம் மைக்ரோசொஃப்டின் பண்டமல்ல. அது வேறொரு கம்பெனி செய்து, வேறொரு கடையில், வாங்குபவர் தன் காசு கொடுத்து வாங்கியது. மென்பொருளின் வசதியைக் குறைத்து மலிவாக விற்பதும், மற்றவருடைய பொருளில் ஒரு பகுதியைப் பூட்டி வைப்பதும் ஒன்றல்ல. வறிய நாட்டுப் பதிப்புக்கு அந்தப் பூட்டை மிகக் கீழே போட்டது மோசமான முடிவு. அந்த நாடுகளில்தான் கணினியைத் தூக்கி எறியாமல் ரேம் சேர்த்து ஆண்டுக்கணக்கில் இழுத்து ஓட்டுவார்கள். 2022இல் டொலர் விலை எகிறியபோது இலங்கையில் புதுக் கணினி பலருக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. இருந்ததைத் திருத்தி ஓட்டியவர்களே அதிகம்.

64-பிட் முகவரி வந்ததும் நீளப் பிரச்சினை ஒரு தலைமுறைக்கு அடங்கிவிட்டது. 2003இல் ஏஎம்டி அந்த வகைச் செயலிகளை வெளியிட்டது. 64 இலக்கமும் உடனே பாவனைக்கு வரவில்லை. நிரல்களுக்கான முகவரியில் 48 மட்டும், அதுவே 256 டிபி. 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. இன்றும் விண்டோஸ் 11 ஹோம் 128 ஜிபியில் நிற்கிறது, ப்ரோ 2 டிபி வரை போகிறது. பூட்டு போகவில்லை, வீட்டுக்காரர் கை எட்டாத உயரத்துக்கு நகர்ந்திருக்கிறது. இப்போது மலிவான மடிக்கணினிகளில் ரேமைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். இயங்குதளம் 128 என்றாலும் கையில் இருப்பது கடைசி வரைக்கும் வாங்கிய அன்று இருந்த 8தான்.

மூன்றேகால் காட்டும் கணினியை வைத்திருப்பவர் என்ன செய்யலாம்? உடனே 64-பிட் விண்டோஸ் ஏற்று என்று சொல்வது எளிது. ஏற்றும் முன் தாய்ப்பலகையில் எந்த சிப்செட் என்று பார்க்க வேண்டும். செயலிக்கும் ரேமுக்கும் நடுவில் நிற்பது அதுதான். பாவித்த அலுவலகக் கணினிகளில் அடிக்கடி கண்ணில் படும் இன்டெல் 945 வகையில் முகவரிக் கம்பிகளே 32தான். சாதனங்கள் பிடித்துக்கொண்ட ரேமுக்கு 4 ஜிபிக்கு மேலே புது எண் கொடுக்க அதற்கு வழியில்லை. கோர் 2 டுவோ செயலி 64-பிட், விண்டோஸ் 64-பிட், எல்லாம் சரியாக இருந்தும் திரை அதே மூன்றேகால் அளவைத்தான் காட்டும். விண்டோஸ் 7இன் ரிசோர்ஸ் மொனிட்டரைத் திறந்தால் நினைவகப் பட்டையின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ‘ஹார்ட்வெயர் ரிசர்வ்ட்’ என்று முக்கால் ஜிபி தெரியும். 64-பிட் ஏற்றிய பிறகும் அந்தச் சாம்பல் துண்டு சுருங்காவிட்டால் பலகைதான் எல்லை என்று அறியலாம். ஜி41 வகைப் பலகை என்றால் 8 ஜிபி வரை இடம் இருக்கிறது, அங்கே 64-பிட் ஏற்றுவதில் பொருள் உண்டு.

945காரர் ரேமுக்கு எடுத்து வைத்த காசை எஸ்.எஸ்.டி.யில் போடுவது மேல். ரேம் நிரம்பியதும் இயங்குதளம் உடனடித் தேவை இல்லாத பக்கங்களைத் தட்டில் எழுதி வைத்துவிட்டு, கேட்கும்போது திரும்ப எடுத்து வரும். சுழலும் ஹார்ட் டிஸ்கில் அந்தப் போக்குவரத்துதான் கணினியைச் சில நிமிடம் கல்லாக்குகிறது. எஸ்.எஸ்.டி.யைப் பூட்டினால் கிடைக்கும் ரேம் அதே மூன்றேகால்தான், ஆனால் காத்திருப்பு பல மடங்கு குறையும். 945 பலகைகளில் பெரும்பாலும் சாட்டா இணைப்பு இருக்கும். கேபிளை மாற்றிச் செருகி, இயங்குதளத்தை அதில் ஏற்றினால் போதும்.